ஆண்டெனா கடைசி வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுவோரைப் பற்றி எழுதினால் இயந்திரமும் இறக்கையுமே பக்கத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆண்டெனாவுக்கு ஒரு வரி மிஞ்சுவதில்லை. கட்டுவோரிலும் பலர், சாயம் அடித்த பிறகு எங்காவது மாட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். உடற்கூட்டை மூடுமுன் இடம் குறிக்காவிட்டால், உள்ளே கை நுழையாது; நட்டு முடுக்கவும் வழியிருக்காது.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் வானொலி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அதன் ஆண்டெனா நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் உயரம் அலை நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு, சுமார் 56 செ.மீ. பத்து ஆராங் ஊரில் உள்ளது போன்ற விஓஆர் நிலையத்தை (விமானத்துக்குத் திசை காட்டும் தரை வானொலி நிலையம்) பிடிப்பது 108 முதல் 118 வரை. அந்த அலை கிடைமட்டமானது. ஆகவே கை ஒன்றுக்குச் சுமார் 63 செ.மீ. வைத்து, 'வி' வடிவில் படுக்கையாக அமைக்க வேண்டும். ஒன்றையே இரண்டுக்கும் வைத்துச் சிக்கனம் செய்தால் இரண்டுமே மந்தமாகும்.

உலோக விமானத்தில் தகடே ஆண்டெனாவின் மறுபாதி. அடித்தளம் உட்காரும் இடத்தில் சாயத்தைச் சுரண்டி, பளபளக்கும் அலுமினியத்தில் அரிப்பைத் தடுக்கும் அலோடைன் ரசாயனம் பூசி, உள்பக்கம் வலுவூட்டும் தகடு வைத்து முடுக்க வேண்டும். ஆண்டெனா அடிக்கும் தகட்டுக்கும் இடையிலான மின்தடை சில மில்லிஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண மல்டிமீட்டர் அதைக் காட்டாது. நம் ஊர் மழைக்கு ஓரத்தைச் சுற்றி சீலன்ட் அவசியம். ஆனால் தொடும் முகத்துக்கு நடுவே தடவினால் இணைப்பே போய்விடும். நீர் புகுந்து உண்டாகும் அரிப்பு சில மாதம் கழித்து வானொலியில் கரகரப்பாகப் பேசும்.

மரத்திலும் ஃபைபர்கிளாஸிலும் அந்த மறுபாதி கிடையாது. செப்புப் பட்டை நான்கை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 58 செ.மீ., ஆண்டெனா அடியிலிருந்து நாலாபக்கமும் உள்ளே ஒட்ட வேண்டும். கார்பன் ஃபைபர் என்றால் ஆண்டெனாவை உள்ளே வைப்பதே வீண்; அலையை மறைத்துவிடும்.

கேபிளில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பட்டணத்து மின்சாமான் கடையில் கிடைக்கும் தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம்; நமக்கு வேண்டியது 50. அதன் ஒற்றைக் கம்பி நடுநரம்பு அதிர்வில் ஒடியும். ஆர்ஜி-400 என்ற 50 ஓம் கேபிள் விலை கூடுதல், ஆனால் இரட்டைக் கவசம், டெஃப்ளான் காப்பு. கேபிள் நுனியில் வரும் பிஎன்சி இணைப்பு முனையை உரிய கிரிம்ப் கருவியால் நசுக்கிப் பொருத்துங்கள், இடுக்கி உதவாது. முன்பு சொன்ன 'வி' போன்ற இருகை ஆண்டெனாவின் (டைபோல்) இணைப்பில் கேபிள் மேல் மூன்று ஃபெரைட் வளையம் மாட்டினால் கேபிளே ஆண்டெனாவாக மாறாது.

பொருத்தியதும் எஸ்டபிள்யூஆர், அதாவது ஆண்டெனா ஏற்காமல் ஆற்றல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் விகிதம், அளக்க வேண்டும், ஒரே அலைவரிசையில் அல்ல, 118 முதல் 137 வரை முழுக்க. 2-க்குக் கீழே நல்லது. 3 ஆனால் அனுப்பும் ஆற்றலில் கால்பங்கு திரும்பி வருகிறது.

ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பான்டர் கருவியின் ஆண்டெனா 7 செ.மீ.தான், வயிற்றுப் பக்கம், இருக்கைக்கு நேர் கீழே வராதபடி. ஜிபிஎஸ் மேலே, வானம் பார்த்து, வானொலி ஆண்டெனாவிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளி. ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. வானொலி அனுப்பும்போது அதன் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். 121.175-இன் 13 மடங்கும் 131.275-இன் 12 மடங்கும் அதற்கு மிக அருகில் விழுகின்றன. தரையில் அந்த இரண்டு அலைவரிசையிலும், யாரும் பேசவில்லை என்று கேட்டுறுதி செய்தபின், அரை நிமிடம் அனுப்பிப் பாருங்கள். ஜிபிஎஸ் திரையில் துணைக்கோள் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் கோடுகள் சரிந்தால் உடனே ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்ல வேண்டாம். அவசர ஒலிபரப்பியின் (விபத்தில் அபயக்குறி அனுப்பும் கருவி) ஆண்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். கோடுகள் இப்போது சரியாமல் நின்றால், வானொலி அலையை வாங்கித் திருப்பி உமிழ்வது அதுதான். இடம் மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

விமான மின்னணுத் தொழிலர்,
பெஸ்தாரி ஜெயா (முன்பு பத்தாங் பெர்ஜுந்தை), சிலாங்கூர்.