விலையைச் சொல்வது யார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் தேவலை. போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மும்பையில் அந்த கன்சல்டன்சி வேலையா, இல்லை பொருளாதார நீதி, சமூக மேம்பாடு என்று கிராமத்து ஆட்களோடு உட்கார்ந்து வேலை செய்கிற அந்தச் சின்ன அமைப்பா என்று கேட்டாய். சம்பளம் பாதிகூட வராது என்றும் சொன்னாய். அன்றையிலிருந்து நானும் அம்மாவும் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்ன அமைப்புக்கே போ. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. தம்பி படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியவில்லையே என்று நீ ஒரு நாளும் சங்கடப்பட வேண்டாம். அம்மாதான் “இவ்வளவு படித்துவிட்டு ஊர் ஊராக அலையணுமா” என்று கேட்டாள். அப்புறம் அவளே, “நல்ல காரியத்துக்குத்தானே போறா, போகட்டும்” என்றாள்.

ஆனால் போகிறவள் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே என் காலம் போனது. அதனால் சொல்கிறேன். ஒரு ஊரில் யார் ஏழை, எத்தனை பேருக்குக் கடன் இருக்கிறது என்று கேட்டு எழுத நிறைய பேர் வருகிறார்கள். பிடித்த பொருளுக்கு விலை சொல்வது யார் என்று கேட்கிறவர்கள் குறைவு. நீ அதைக் கேள்.

நண்டை எடுத்துக்கொள். சாயங்காலம் வலையைப் போட்டுவிட்டு விடியற்காலையில் இழுத்து வருகிறார்கள். கரையில் பெண்கள் உட்கார்ந்து கால் ஒடியாமல் ஒவ்வொரு நண்டாக வலையிலிருந்து கழற்றுகிறார்கள். நண்டின் கால் ஒடிந்தால் விலை போச்சு, அவசரப்பட்டால் அவர்கள் விரல் கிழியும். அப்புறம் எடை. எடை போடுகிறவர் யார்? வலை வாங்கவும் இன்ஜின் பழுதுபார்க்கவும் அட்வான்ஸ் கொடுத்தவருடைய ஆள். நம் ஊரில் அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள், கேட்டிருப்பாய். வட்டி இல்லைதான். ஆனால் பிடித்ததை எல்லாம் அவருக்கே போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள். ஒரு நாட்டுப்படகுக்காரர் ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். வெளியில் போகிற விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 8 கிலோ என்றால் 160 ரூபாய் போகிறது. மாதத்தில் 20 நாள் கடலுக்குப் போனால் 3,200. வருஷத்தில் 10 மாதம் என்று வை, 32,000 ரூபாய். நூற்றுக்கு 32 வட்டி கட்டியாகிவிட்டது, முதல் ஒரு லட்சம் அப்படியே நிற்கிறது. ஈரத்துக்குக் கழிவு, பொடி நண்டுக்குக் கழிவு என்று எடையில் கழிப்பதை நான் இதில் சேர்க்கவே இல்லை. இந்தக் கணக்கு எந்த பாங்க் லெட்ஜரிலும் வராது. சர்வேக்கு வருகிறவர் “வட்டி எவ்வளவு?” என்று கேட்டால், அந்த மனுஷரும் “வட்டி இல்லீங்க” என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் சரியில்லை.

அட்வான்ஸ் கொடுப்பவரை மட்டும் கெட்டவராக எழுதிவிடாதே. நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமென்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட முடிகிறது. அந்த இடத்தில் வேறு யாரும் நிற்கவில்லை என்பதுதான் விஷயம்.

நீ வீட்டில் வைத்துவிட்டுப் போன புத்தகங்களை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். வங்கதேசத்தின் முகமது யூனுஸ் பற்றிப் படித்தபோது நம் கரையைத்தான் நினைத்தேன். சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், பக்கத்தில் இருந்த ஜோப்ரா என்ற கிராமத்துக்குப் போகிறார். மூங்கில் முக்காலி பின்னுகிற ஒரு பெண். மூங்கில் வாங்கக் காசு கொடுப்பவரிடமே முக்காலியையும் கொடுக்க வேண்டும், விலை அவர் சொன்னதுதான். நாள் முழுக்கப் பின்னினால் அவளுக்கு அந்த நாட்டுக் காசில் அரை டாக்கா மிஞ்சுகிறது. அந்த ஊரில் இப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் கடனைக் கூட்டிப் பார்த்தால் 856 டாக்காதான் வந்தது. அதை அடைக்க அவரே காசு கொடுத்தார். அதிலிருந்து ஏழைகளுக்குச் சின்னக் கடன் கொடுக்கும் கிராமீன் வங்கி வளர்ந்து, 2006ல் நோபல் அமைதிப் பரிசு வரை போனது. அந்தக் கதையில் எல்லாரும் சின்னக் கடனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். முக்காலியை யாருக்கு விற்பது என்பது அவள் கைக்கு வந்ததே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வெறும் கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆந்திராவில் பார்த்தோம். 2010ல் குழுக்கடன் தொல்லை தாங்காமல் உயிரை விட்டவர்கள் செய்தி வந்து, அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இங்கேயும் வாடைக் காற்றடித்து ஒரு படகும் இறங்காத வாரத்தில் தவணைக்கு ஆள் வந்து நிற்கிறார். கடலுக்கு லீவு உண்டு, தவணைக்கு இல்லை.

இதற்கு வழியே இல்லை என்று நினைத்துவிடாதே. திருவனந்தபுரம் பக்கம் மரியநாடு என்ற ஊரில் மீனவர்களே சங்கம் வைத்துத் தங்கள் மீனைத் தாங்களே கரையில் ஏலம் விட்டார்கள். அந்த மாதிரிச் சங்கங்கள் கன்னியாகுமரி வரைக்கும் பரவின. கடனைத் திருப்புவதற்கு அவர்கள் கண்டுபிடித்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாதத் தவணை கிடையாது. மீன் விற்ற காசில் இத்தனை பங்கு என்று அன்றன்றைக்கு எடுத்துக்கொள்வார்கள். மீன் பட்டால் கடன் வேகமாக அடையும், படாத நாளில் யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். ஜான் குரியன் என்ற பொருளாதார அறிஞர் இந்தச் சங்கத்தோடு இருந்து வேலை செய்துவிட்டு, அப்புறம்தான் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் பேராசிரியர் ஆனார். முதலில் கரை, பிறகு கட்டுரை. உனக்கும் அந்த வரிசை அமைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொருவரையும் நீ மறக்கக் கூடாது. ஜே.சி. குமரப்பா, நம் தஞ்சாவூர்க்காரர், 1892ல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் நல்ல தொழில் நடத்தி, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1929ல் காந்தியைப் பார்த்த பிறகு அவர் செய்த முதல் பெரிய வேலை, குஜராத்தில் மாத்தர் தாலுகாவில் மாணவர்களோடு கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தது. ஒரு குடும்பத்துக்கு வரவு என்ன, செலவு என்ன, நிலவரி எவ்வளவு பிடுங்குகிறது என்று எண்களாக எழுதி வைத்தார். அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்க அந்த எண்கள் உதவின. கடைசிக் காலத்தில் டி. கல்லுப்பட்டிக்கு வந்து தங்கி, 1960ல் மதுரையில் இறந்தார். அவருக்கு ஏழைகள் மேல் இரக்கம் இருந்தது, சரி. கூட்டல் கழித்தலில் அவர் கறாராக இருந்ததுதான் ஏழைகளுக்குப் பயன்பட்டது. நீயும் நல்ல மனசு இருந்தால் போதும் என்று கணக்கில் தளர்ந்துவிடாதே. தப்பான எண்ணைக் கொண்டுபோய் கலெக்டர் மேஜையில் வைத்தால், அடுத்த தடவை சரியான எண்ணையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மேம்பாடு என்று போகிறவர்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடுதான் இறங்குகிறார்கள். இந்தப் பாக் நீரிணைக் கரையில் திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாளில் நாட்டுப்படகு என்று ஒரு ஏற்பாடு உண்டே, அது வந்த கதையைக் கேட்டு எழுது. இரண்டு பக்கமும் மோதி, வலை அறுந்து, உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு அது. மீறல் நிறைய, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கடலைப் பங்கு போட ஒரு முறை வேண்டும் என்று கடலில் போகிறவர்களே உணர்ந்தார்கள். எலினோர் ஆஸ்ட்ராம் என்ற அமெரிக்க அறிஞர் தன் புத்தகத்தில் எடுத்துச் சொல்லும் துருக்கியின் அலன்யா ஊர் மீனவர் கதையும் இதுபோலத்தான். மீன் படுகிற இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, தினம் ஒரு இடமாக நகர்ந்துகொண்டே போனார்கள், நல்ல இடம் எல்லாருக்கும் கிடைத்தது. பொதுச்சொத்தை ஜனங்களே காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்குத்தான் அந்த அம்மாவுக்கு 2009ல் பொருளாதார நோபல். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

நமக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊரே போதும். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் கடற்பாசி எடுக்கிற பெண்களை நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய். 1986ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆன பிறகு, தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்கே அவர்கள் பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. கடலைக் காப்பது நல்லதுதான், ஆனால் அதற்கான செலவு யார் தலையில் விழுந்தது என்று பார். அந்தப் பெண்கள் விட்டுவிடவில்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது, பாசி வளர விட்டுவிட்டு எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015ல் தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெயர் வந்தும், காய வைத்த பாசிக்குக் கிலோ இவ்வளவு என்று சொல்வது இன்றைக்கும் வாங்குகிற வியாபாரிதான். திருவாடானைப் பக்கம் வளமாவூரில் பல கோடியில் பாசிப் பூங்கா வருகிறது, 2023ல் அடிக்கல் நட்டார்கள். அதில் லேப் வரும், நாற்றங்கால் வரும். விலை பேசுகிற மேஜையில் பாசி எடுக்கிறவளுக்கு ஒரு நாற்காலி உண்டா என்று போய்க் கேட்க ஒரு பொருளாதாரம் படித்த பிள்ளை வேண்டும். அது என் மகளாக இருந்தால் எனக்கு அதைவிடப் பெருமை வேறு இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஊரில் எதைக் கணக்கெடுத்தாலும், அறிக்கை ஆனதும் அதைத் தமிழில் அந்த ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்துக் காட்டு. எண் தப்பென்றால் அவர்களே சொல்வார்கள், சரியென்றால் அதை வைத்து அவர்களே பேசுவார்கள். இன்னொன்று, திட்டம் முடிந்தது, காசு முடிந்தது என்று பாதியில் கிளம்பிவிடாதே. மூன்று வருஷத் திட்டங்கள் வந்து போனதில் இங்கே போர்டுகள்தான் மிச்சம். அட்வான்ஸ் கொடுப்பவர் முப்பது வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் பலமே அதுதான்.

சேருவதற்கு முன்னால் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நடை ஊருக்கு வந்து போ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது. படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், கையில் காசு இருக்காது, அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் பேசுவதும் அப்போதுதான். ஆட்களும் கரையில் இருப்பார்கள், நிறுத்தி நிதானமாகப் பேசலாம். பாம்பனில் பெரியப்பா வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கிக்கொள். சங்கத்து ஆட்கள் சிலரையும் பார்த்துப் பேச ஏற்பாடு செய்கிறேன். எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் சொல், ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா