டியூபா வாங்கும் முன் பிள்ளையைக் கூட்டி வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். பத்தாம் வகுப்புக்கான மாலை வகுப்பு பொங்கல் விடுமுறைக்குப் பிறகும் தொடரும். மதிப்பெண் அட்டையில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் போட்டு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், நம் பள்ளி பேண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

குடியரசு தின அணிவகுப்பு வருகிறது என்று உங்களில் சிலர் சொந்தச் செலவில் டியூபா, அதாவது பேண்டில் அடிக்குரல் கொடுக்கும் பெரிய பித்தளை ஊதுகருவி, வாங்கித் தந்திருக்கிறீர்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் வந்தவை எல்லாமே முழு அளவு. "வளர்ற பையன், சட்டை எடுக்கிற மாதிரி ரெண்டு வருசத்துக்குச் சேர்த்தே எடுத்துட்டேனுங்க" என்றார் ஒருவர். சட்டை பெரிதானால் கையை மடித்துவிடலாம். டியூபாவில் அது நடக்காது.

1835இல் பெர்லினில் ராணுவ பேண்டுக்காக உருவான கருவி அது. வளர்ந்த ஆளின் உடம்புக்கும் மூச்சுக்கும் செய்தது. இன்று வரும் முழு அளவு பி பிளாட் சுருதி டியூபாவின் குழாயைப் பிரித்து நீட்டினால் சுமார் 18 அடி. எடை 10 கிலோ பக்கம் வரும். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 35 கிலோகூட இல்லை.

பயிற்சி முடிந்து ஒரு பையன் தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் உதட்டுக்கு மேலே போய்விடுவதால், ஒரு மணி நேரம் பாரத்தைத் தொடையில் தாங்கி, கழுத்தை நீட்டியே வாசித்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மஞ்சள் வித்த காசுல அப்பா வாங்கினதுங்க சார்" என்றான். அவன் அப்பாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

அளவு சரிதானா என்று இப்படிப் பாருங்கள். பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய, மவுத்பீஸ் தானாக உதட்டுக்கு வர வேண்டும். தலையைத் தூக்கவும் கூடாது, குனியவும் கூடாது. வலது கை விரல்கள் வளைந்த நிலையிலேயே, சுரம் மாற்ற அழுத்தும் வால்வுகளைத் தொட வேண்டும். தொடக்கத்துக்கு மூன்று வால்வு போதும். நான்காவது வால்வு கீழ்ச் சுரங்களைச் சுத்தமாக்கும், ஆனால் எடையையும் கூட்டும். முக்கால் அளவு டியூபா 7, 8 கிலோவில் கிடைக்கிறது. இன்னும் சின்னப் பிள்ளை என்றால், டியூபாவின் தம்பி போன்ற யூபோனியத்தில் தொடங்கலாம். குழாய் நீளம் பாதிதான், விரல் வைப்பு அதேதான், பின்னால் டியூபாவுக்கு மாறுவது சுலபம். பழைய கருவி வாங்கினால் வால்வு சிக்காமல் மேலே எழுகிறதா என்று பாருங்கள். ஒலி வெளிவரும் அகன்ற வாயில் சொட்டை இருந்தால் பரவாயில்லை, வால்வு உறை நசுங்கியிருந்தால் வேண்டாம். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் பித்தளை சூசாபோன் முழு டியூபாவைவிடவும் கனமாக இருக்கும். அது மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்.

கன்றுக்குட்டியை யாரும் ஏரில் பூட்டுவதில்லை. அந்தியூர்ச் சந்தையில் மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேண்டு மாஸ்டர் அளவு பார்க்காத கருவியோடு எந்தப் பிள்ளையும் ஜனவரி 26 அன்று வரிசையில் நிற்காது. யார் வந்து சிபாரிசு செய்தாலும் இதில் மாற்றமில்லை. பெரிய டியூபா வைத்திருப்பவன் முன் வரிசை என்ற பேச்சும் இனி வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் வருத்தப்படாதீர்கள். அந்த டியூபாக்களை மேல்வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கட்டும், உங்கள் பிள்ளைக்குப் பள்ளியின் முக்கால் அளவு டியூபாவைத் தருகிறோம். வளர்ந்ததும் அவரவர் கருவி அவரவருக்கே. இனி வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் சனிக்கிழமை காலை பிள்ளையோடு பேண்டு அறைக்கு வாருங்கள். மாஸ்டர் உட்கார வைத்து அளவு பார்த்துச் சொல்வார்.

பட்டறை வைத்திருக்கும் ஒரு தந்தை, கேட்காமலேயே இரும்புக் குழாயில் நான்கு டியூபா ஸ்டாண்டு செய்து கொடுத்திருக்கிறார். உட்கார்ந்து வாசிக்கும்போது பாரம் தொடையில் இறங்குவதில்லை. பயிற்சி நாட்களில் கருவிகளை ஏற்றிவரத் தன் டெம்போவை அனுப்பும் பெற்றோருக்கும், பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்தனுப்பும் தாய்மார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்