மீண்டும் தொடக்கமா, விட்டதன் தொடர்ச்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வருடம் என் தங்கை மகளுக்குக் கல்லூரிக் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்தபோது, இடையில் சில நாள் நிறுத்திவைத்தார்கள். அப்புறம் ஒரு நாளிதழில் 'கலந்தாய்வு மீண்டும் தொடக்கம்' என்று தலைப்பு வந்தது. தங்கை போனில் அழாத குறைதான். "கிடைச்ச சீட்டு போயிடுச்சா அண்ணா? முதல்லேர்ந்து நடத்துறாங்களாமே!" செய்தியை முழுக்கப் படித்த பிறகே உயிர் வந்தது. எந்தச் சுற்றில் நின்றதோ, அதிலிருந்தே நடத்தப் போகிறார்கள்.

ஆங்கிலத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு 'ரெசியூம்', முதலிலிருந்து தொடங்குவதற்கு 'ரீஸ்டார்ட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. நாம் இரண்டுக்குமே 'மீண்டும் தொடங்கு' என்று எழுதிவிடுகிறோம். நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. கதை சொல்லும் பாட்டி நடுவில் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "எங்க விட்டேன்?" என்பாள். "ராஜா காட்டுக்குள்ள போனான்" என்று எடுத்துக்கொடுப்போம். அங்கிருந்து கதை ஓடும். அந்த 'விட்ட இடம்' செய்தியிலும் வரட்டுமே. 'நின்ற கலந்தாய்வு நாளை தொடரும்' என்றால் தலைப்புக்கும் அடங்கும். வெறுமனே 'தொடரும்' என்றால் போதாது, இடையில் நிற்கவே இல்லை என்றாகிவிடும். நிஜமாகவே முதலிலிருந்து என்றால் 'புதிதாக' என்று எழுதலாம்.

'மீண்டும்' எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'மீண்டும் நிறுத்தப்பட்ட ரயில் சேவை தொடக்கம்' என்று எழுதினால், ரயில் இரண்டாவது முறை நின்றதாக ஆகிறது. 'நிறுத்தப்பட்ட ரயில் சேவை மீண்டும் தொடக்கம்' என்பதே சரி; ரயிலுக்கு 'முதலிலிருந்தா' என்ற குழப்பம் வராது. முப்பது வருடம் வகுப்பில் நான் திருத்திய பிழை இது. இன்றும் தலைப்புகளில் பார்க்கிறேன்.

இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'மீள ஆரம்பம்' என்று போடுவார்கள். 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில் திரும்ப ஓடியதைச் சொல்ல அது எவ்வளவு பொருத்தம்! மீள் என்றால் திரும்பி வருதல். அடகு வைத்த நகையை மீட்கிறோமே, அதுவும் இந்த வேர்தான். 'மீண்டும்' பிறந்ததும் அதிலிருந்துதான். நம் செய்தியாளர்களும் 'மீள'வைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கலந்தாய்வு, தேர்வு, வழக்கு விசாரணை பற்றிய தலைப்புகளிலாவது இதைக் கவனிக்கும்படி உங்கள் செய்திப் பிரிவினரிடம் சொல்லுங்கள். அடுத்த கலந்தாய்வு வருவதற்குள் செய்தால் நல்லது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்