அந்த ஒன்பதாவது டாஸ்க்குக்கு ஒரு வழி சொல்லுடி

என்னடி, எப்படி இருக்க?

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத, புக்கும் கையுமா உக்காந்திருந்தேன், அது உனக்கே புரியும். உன் பொண்ணு வேலைல சேர்ந்துட்டான்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம். ஆனா உன் முட்டிவலி பத்தி ஒரு வரி கூட இல்லையே, டாக்டரை பாத்தியா இல்லையா? எனக்கு கண்ணாடி நம்பர் கூடிடுச்சு, இப்பல்லாம் புக்கு எடுத்தா முதல்ல பாக்கறது எழுத்து சைஸ்தான், கதையெல்லாம் அப்புறம்.

சரி விஷயத்துக்கு வரேன். மூணு மாசத்துல டாஸ்க்குக்கு ஒரு புக்குன்னு படிக்கற இந்த குளிர்கால ரீடிங் சேலஞ்ச்ல பத்து டாஸ்க்ல நாலுக்கு புக்கு வச்சுட்டேன், மீதி ஆறுக்கு முழிக்கிறேன்னு எழுதியிருந்தல்ல, உன் லிஸ்ட்டை பாத்த உடனே எங்க சொதப்பினன்னு தெரிஞ்சுடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல பழசான புக்குன்ற டாஸ்க்குக்கு நீ பிராங்கன்ஸ்டைனை வச்சிருக்க. ஏண்டி, நூறு வருஷத்துக்கு முந்தின புக்கு உலகத்துல கொட்டிக் கிடக்கு, கண்ணை மூடிட்டு எடுத்தாலும் கிடைக்கும், அதுக்குப் போய் இதையா செலவு பண்ணுவ? இந்த ஒரே புக்கு எத்தனை டாஸ்க்குக்கு பொருந்துது பாரு. 1818ல வந்தது, அதனால பழசு. மேரி ஷெல்லியோட முதல் நாவல், அதுக்கு ஒரு டாஸ்க் இருக்கு. பனி வருது. தமிழ்ல படிச்சா மொழிபெயர்ப்பு. எல்லாத்துக்கும் மேல கதை ஆரம்பிக்கறதே லெட்டர்ல. ஒரு புக்கு ஒரு டாஸ்க்குக்குத்தான்னு ரூல் இருக்கும்போது இந்த மாதிரி எங்க வச்சாலும் உக்கார்ற புக்கை கடைசி வரைக்கும் கைல வச்சுக்கணும், சீட்டாட்டத்துல ஜோக்கரை வச்சுக்கற மாதிரி.

நான் என்ன பண்ணேன்னா பத்து டாஸ்க்கையும் ஒரு பேப்பர்ல எழுதி ஒவ்வொண்ணுக்கு நேரா வீட்ல இருக்கற எந்தெந்த புக்கு பொருந்தும்னு எல்லாத்தையும் எழுதிட்டேன், தேர்வு செய்யாம வெறுமனே எழுதறது. எழுதி முடிச்சதும் பாத்தா சிலதுக்கு பதினஞ்சு பேர் வரிசைல நிக்கறாங்க, ஒரு சிலதுக்கு ஒரே ஒருத்தர்தான். அந்த ஒரே ஒருத்தரை முதல்ல உக்கார வச்சுட்டு அவங்க பேரை மத்த வரிசைலருந்து அடிச்சுடணும், அடிச்சதும் இன்னொரு வரிசை சுருங்கி ஒண்ணாயிடும், அதை உக்கார வை, இப்படியே போனா கால்மணி நேரத்துல பத்துல ஒன்பது டாஸ்க்குக்கு புக்கு கிடைச்சுது. லெட்டர் வடிவ டாஸ்க்குக்கு என்கிட்ட இருந்தது இந்த பிராங்கன்ஸ்டைன் மட்டும்தான். உனக்கும் அதே கதிதான்னு நினைக்கறேன், அதனால அதை அங்க மாத்திடு. டிராகுலா இருந்தா அதுவும் ஓகே, 1897ல வந்தது, முழுக்க டைரியும் லெட்டருமாத்தான் போகும், ஆனா ராத்திரி தனியா படிக்காத, உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

தலைப்புல காத்து மழை புயல் ஏதாவது வரணும்ன்ற டாஸ்க்குக்கு நீ பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகம் வச்சிருக்கறத பாத்து சிரிச்சுட்டேன். சுழற்காற்று, பேர் பொருந்துது, ஒத்துக்கறேன். ஆனா நீ அதை எத்தனை தடவை படிச்சிருக்க, ஏற்கெனவே படிச்சது செல்லாதுன்னு மூணாவது ரூல்லயே இருக்கே! நான் சொல்றேன், பா. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி எடு. 1972ல வந்தது, மனுஷன் மொத்தமே ரெண்டு நாவல்தான் எழுதினார், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல தென்கிழக்கு ஆசியால நடக்கற கதை. உன் அலமாரில மேல்தட்டுல ஓரமா இருக்கு, நான் போன தடவை வந்தப்ப தூசி தட்டி வச்சுட்டு வந்ததே நான்தான்.

இப்ப என் மானம் போன கதைய கேளு. சேலஞ்ச் டிசம்பர் 1 காலைல ஆரம்பம். நவம்பர் 30 ராத்திரி தூக்கம் வரல, சும்மா புரட்டிப் பாப்போமேன்னு பிராங்கன்ஸ்டைனை எடுத்தேன், எடுத்தவ கீழ வைக்கல, மணி பதினொன்றரை, நாற்பது பக்கம் முடிஞ்சுது. அப்பதான் பொட்டுல அடிச்ச மாதிரி ஞாபகம் வருது, ஆரம்பிக்கறதும் முடிக்கறதும் அந்த மூணு மாசத்துக்குள்ள இருக்கணும்னு ரூல். நாலாயிரம் தடவை படிச்ச ரூல்! யாருக்குத் தெரியப் போகுதுன்னு ஒரு மனசு, எனக்குத் தெரியுமேன்னு இன்னொரு மனசு. கடைசில காலைல எழுந்து முதல் பக்கத்துலருந்து திரும்ப ஆரம்பிச்சேன், கடுப்போடதான்.

ஆனா ஒண்ணு சொல்லணும்டி. ராத்திரி படிச்சப்ப பிராங்கன்ஸ்டைன் உண்டாக்கற அந்த ராட்சசன் எப்ப வருவான் எப்ப வருவான்னு முன்னாடி இருக்கற லெட்டரையெல்லாம் தாண்டித் தாண்டி ஓடியிருக்கேன். வால்ட்டன்னு ஒருத்தன், வட துருவத்துக்கு கப்பல்ல கிளம்பினவன், இங்கிலாந்துல இருக்கற அக்காவுக்கு எழுதறான். ரெண்டாவது லெட்டர்ல அவன் புலம்பறான் பாரு, கப்பல் இருக்கு, ஆளு இருக்கு, எல்லாம் இருக்கு, எனக்கு ஒரு ஃபிரண்டு இல்லக்கா, ஜெயிச்சா சேர்ந்து சந்தோஷப்பட ஆள் இல்ல, மனசு உடைஞ்சா தேத்த ஆள் இல்ல, நினைக்கறதை பேப்பர்ல எழுதலாம்தான், ஆனா அது போதலன்றான். ராத்திரி இந்த இடம் என் கண்ணுல பட்டதே இல்ல, படிச்சிருக்கேன், ஆனா படல. காலைல அங்கயே நின்னுட்டேன், காபி ஆறிப் போச்சு. அப்புறம்தான் கப்பலைச் சுத்தி பனிக்கட்டி அடைச்சுக்கறதும், தூரத்துல சறுக்குவண்டில ஒரு பெரிய உருவம் போறதும். இன்னொண்ணு தெரியுமா, மேரி ஷெல்லி இந்தக் கதையை யோசிச்சதே வெயிலே வராத ஒரு கோடைலதான். 1815ல இந்தோனேசியால தம்போரா எரிமலை வெடிச்சதுல அடுத்த வருஷம் ஐரோப்பால கோடையே கெட்டு ஒரே மழை, ஜெனிவா ஏரிகிட்ட வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தவங்க ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு போட்டி போட்டிருக்காங்க, அப்ப அவளுக்கு வயசு 18. அதுவும் ஒரு சீசன் சேலஞ்ச்தானே! முதல் பதிப்புல அவ பேரே போடல, எழுத்தாளர் பேர் இன்ன எழுத்துல தொடங்கணும்ன்ற டாஸ்க்குக்கு அந்தப் பதிப்பை வச்சா என்ன பண்ணுவாங்களோ.

பக்கக் கணக்கும் ஒரு இம்சை. ஒரு நாளைக்கு எவ்ளோ படிக்கணும்னு கேட்டல்ல, பத்து புக்கு, சராசரி 250 பக்கம்னு வச்சா 2500, டிசம்பர் ஜனவரி பிப்ரவரி மூணும் சேர்த்து 90 நாள், அப்ப நாளைக்கு 28 பக்கம். பயப்படற அளவுக்கு இல்ல. முன்னட்டை நீல நிறத்துல இருக்கணும்ன்ற டாஸ்க்குக்கு மட்டும் ஈபுக் வேண்டாம், என் மெஷின்ல எல்லா அட்டையும் சாம்பல் கலர்லதான் தெரியுது.

இப்ப உன் தீர்ப்பு வேண்டிய இடம். ஒன்பதாவது டாஸ்க், குளிரைப் பத்தின புக்கு, குறைஞ்சது நூறு பக்கம். எனக்கு சங்கப் பாட்டு நெடுநல்வாடையை படிக்கணும்னு ரொம்ப ஆசை. காலேஜ்ல அதுலருந்து நாலு வரி மனப்பாடம் பண்ணதோட சரி, முழுசா படிச்சதே இல்ல. நக்கீரர் அதுல குளிரை எப்படி காட்டறார் தெரியுமா, மேயற மாடு மேய்ச்சலை மறந்துடுது, குரங்கு ஒடுங்கிப் போயிடுது, பறவை மரத்துலருந்து விழுது, பால் குடிக்க வர்ற கன்னுக்குட்டியை பசுவே உதைச்சுத் தள்ளுது. அந்த பசுவைத்தான் என்னால மறக்கவே முடியல. ஆனா மொத்தப் பாட்டும் 188 அடி, பெரிய எழுத்துல அடிச்சாலும் இருபது பக்கம் தாண்டாது. உரையோட சேர்த்து போட்ட பதிப்பு ஒண்ணு பாத்தேன், முன்னுரை, உரை, சொல்விளக்கம் எல்லாம் சேர்ந்து நூத்திப் பன்னெண்டு பக்கம். உரையையும் வரி விடாம படிக்கறேன்னு சத்தியம் பண்றேன். இது செல்லுமா செல்லாதா? நாற்பது பக்கத்தை திரும்ப படிச்ச நேர்மையான ஆள்னு நினைச்சுப் பாத்து சொல்லு. செல்லாதுன்னா இப்பவே சொல்லிடு, 31ஆம் தேதி வரைக்கும் இழுக்காத, அதுக்குள்ள நான் வேற புக்கு தேடணும்.

முட்டிக்கு மருந்து போடு. மேல்தட்டு புக்கை எடுக்க ஸ்டூல் மேல ஏறாத, பொண்ணை எடுக்கச் சொல்லு.

உன்
பழைய பெஞ்சுக்காரி