பேய்க்கணவாய் குஞ்சுக்கு என்ன தீனி போடுவாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஸ்பெயின்ல கிரான் கனேரியா தீவுல வருஷத்துக்கு 3,000 டன் ஆக்டோபஸ், அதான் நம்ம பேய்க்கணவாய், வளர்க்க பண்ணை போடப்போறாங்கன்னு நம்ம பேப்பர்ல படிச்சேன். அதுக்கு எவ்வளவு அறிவு, வளர்க்கலாமா கூடாதா, 2024ல அமெரிக்காவுல வாஷிங்டனும் கலிபோர்னியாவும் தடை போட்டது எல்லாம் இருந்துச்சு. ஆனா குஞ்சுக்கு என்ன தீனி போடுவாங்கன்னு ஒரு வரி கூட இல்ல சார். மரக்காணம் பக்கம் இறால் ஹேட்சரியில, அதாவது குஞ்சு பொரிக்க வைக்கிற பண்ணையில, பல வருஷம் வேலை பார்த்தவன் நான், எனக்கு முதல்ல கண்ணுல பட்டதே அதுதான்.

அந்த பண்ணையில வளர்க்கப்போற சாதாரண ஆக்டோபஸ் ரகத்துல தாய் ஒரே தடவையில லட்சக்கணக்குல முட்டை போடும், சாப்பிடாம கொள்ளாம அதை காத்து பொரிச்சிட்டு செத்துப்போகும். அதனால குஞ்சுக்கு பஞ்சமே இல்ல. பொரிச்ச குஞ்சு 2, 3 மில்லிமீட்டர்தான், ஒவ்வொரு கையிலயும் 3 உறிஞ்சிதான் இருக்கும், ஒண்ணு ஒண்ணரை மாசம் தண்ணியில மிதந்துட்டே உயிரோட அசையுற இரைய பாய்ஞ்சு புடிச்சாதான் தின்னும், பவுடர் தீனிய போட்டா திரும்பிக்கூட பாக்காது. பெரும்பாலும் இந்த கட்டத்துலதான் கொத்துக்கொத்தா சாகுது.

நாங்க இறால் குஞ்சுக்கு டின்னை உடைச்சு ஆர்ட்டிமியாங்கிற பொடி உப்புத்தண்ணி இறாலோட முட்டைய உப்புத்தண்ணியில போட்டு ஏர் விட்டா மறுநாள் தீனி ரெடி. இதுக்கும் அதையே போட்டு பாத்தாங்க, பத்தல. ஆர்ட்டிமியாவுல டிஹெச்ஏங்கிற கொழுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, பாஸ்போலிப்பிடுங்கிற இன்னொரு வகை கொழுப்பும் கம்மி, ஆக்டோபஸ் குஞ்சுக்கோ ரெண்டும் நிறைய வேணும். சரி எண்ணெய் குடுத்து ஊட்டி விடலாம்னா உள்ள போன டிஹெச்ஏவ ஆர்ட்டிமியா தானே வேற கொழுப்பா மாத்திடுது, கொஞ்ச நேரம் பட்டினி கிடந்தாலே கரைஞ்சு போயிடுது. அப்புறம் ஸ்பெயின்லயே விகோங்கிற ஊர்ல இருக்கற அரசு ஆராய்ச்சி நிலையத்துல சிலந்தி நண்டோட குஞ்சையும் சேர்த்து போட்டுத்தான் ஒரு தலைமுறைய முழுசா வளர்த்தாங்க, 2004ல அந்த கட்டுரை வந்துச்சு. லேப்ல சரி, டன் கணக்குல வளர்க்கணும்னா அவ்ளோ நண்டு குஞ்சுக்கு எங்க போறது? அதுக்கே தனியா ஒரு நண்டு ஹேட்சரி வேணும்.

மெக்சிகோவுல யுகட்டான் பக்கம் இருக்கற மாயா ஆக்டோபஸ் வேற ரகம். முட்டை பெருசு, குஞ்சு பொரிக்கும்போதே அம்மா மாதிரியே தரையில ஊருது, கணவாய் கறியும் நண்டுக்கறியும் அரைச்சு ஜெலட்டின் போட்டு கட்டி குடுத்தா தின்னுடுது. ஒரே பேரை வச்சு எல்லா ஆக்டோபஸும் ஒண்ணுன்னு எழுதக்கூடாதுங்கறது இதனாலதான்.

பெருசானதும் செலவு விடாது சார், ஒரு கிலோ ஏத்தணும்னா சுமார் மூணு கிலோ மீனோ நண்டோ போடணும். அந்த மூணு கிலோ எந்த கடல்லருந்து வருதுன்னு அடுத்த செய்தியிலயாவது அந்த கம்பெனிக்காரங்கள கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய ஹேட்சரி தொழிலாளி, மரக்காணம்