சீருடையோடு உறங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மதியம் நேரில் போய், நீட் தேர்வை மீண்டும் எழுதுவதற்கான 'லாங் டெர்ம்' பயிற்சியில் உனக்குப் பிடித்து வைத்திருந்த இடத்தை ரத்து செய்துவிட்டு வந்தேன். முன்பணமாகக் கட்டிய 25,000 ரூபாய் திரும்பக் கிடைக்காது என்று ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள், நான் வாதாடவில்லை. இரவு உன்னிடம் சொன்னபோது நீ 'சரி அக்கா' என்றாய். மே மாதம் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து சொன்னபோதும் இதே குரலில் இதே 'சரி அக்கா'தான். இரண்டில் எதை மனதார ஏற்றுக்கொண்டாய் என்று எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஊரறிய எழுதுவானேன் என்று அம்மா கேட்கிறாள். உன்னை நான் உறவினர் அத்தனை பேர் முன்னாலும் ஒருமுறை காட்சிக்கு வைத்தேன். அதற்கான மன்னிப்பை மட்டும் அடுப்பங்கரையில் உன் காதோடு கேட்டால் நியாயமாகாது. எழுதலாமா என்று கேட்டபோது நீ இரண்டு நிபந்தனைகள் போட்டாய். மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது. மார்ச் மாதத்தில் நீ கல்லூரிக்குப் போகாத அந்த ஒன்பது நாட்களைப் பற்றியும் எழுதக் கூடாது. எழுத மாட்டேன். படிப்பவர்களும் தாமாக எதையும் ஊகித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டு ஆண்டுகளில் நீ எனக்கு நிபந்தனை விதித்தது இதுவே முதல் முறை என்பதை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன், சந்தோஷமாக இருந்தது.

சென்ற நவம்பரில் ஒரு விடியற்காலை, வழக்கம்போல் 4:40க்கு உன்னை எழுப்ப வந்தேன். விளக்கைப் போட்டால் அம்மா விழித்துக்கொள்வாள் என்பதால் சமையலறை வெளிச்சம் மட்டும் கதவிடுக்கு வழியாக விழுந்துகொண்டிருந்தது. போர்வையை விலக்கினேன். நீ முழுச் சீருடையில் இருந்தாய். சாம்பல் நிற பேன்ட், கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, காலில் சாக்ஸ். டை மட்டும் முடிச்சுப் போட்டபடியே தலையணையோரம் கிடந்தது. இஸ்திரி மடிப்பு கலையக் கூடாதென்று மல்லாந்து படுத்து, கால்களைச் சேர்த்து வைத்து, கைகளை மார்பின்மேல் மடித்திருந்தாய். அடையாள அட்டையின் நாடா அழுந்திக் கழுத்தோரம் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பெருமையாக இருந்தது. கைபேசியில் உன்னைப் படம் பிடித்து, 'எங்கள் வீட்டுப் பொறுப்பான பிள்ளை' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். நீ பல் துலக்கி முடிப்பதற்குள் சித்தப்பாவின் கைதட்டல் வந்துவிட்டது. அத்தை அதைத் தன் மகனுக்கும் காட்டி, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொன்னாராம். அம்மா மட்டும்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னடி இது, கிடத்தி வச்ச மாதிரி கிடக்கிறான்" என்றாள். விடிந்தும் விடியாததுமாக வாயில் நல்ல வார்த்தை வராதா என்று நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

சோமேஸ்வரர் கோயில் தெருவில் வேனுக்கு நடக்கும்போது, ஏன் இப்படிப் படுத்தாய் என்று கேட்டேன். "டிரெஸ் பண்ற பத்து நிமிஷம் தூங்கலாம் இல்லக்கா" என்றாய். நான் சிரித்தேன். நல்ல யோசனைதான் என்று கூடச் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு உன் முதுகில் தட்டி வேனில் ஏற்றிய இந்தக் கை, இப்போது எழுதும்போது கூசுகிறது.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவள். உன் நாளையும் நேற்றுதான் முதன்முதலாகக் கணக்குப் பார்த்தேன். 5:30க்கு வேன், கனகபுரா சாலை வரை பயணம், 7 மணிக்கு வகுப்பு, மாலையில் ஸ்டடி அவர், பனசங்கரியிலும் லால்பாக் பக்கத்திலும் நெரிசலில் நின்று நின்று வீடு வந்து சேர இரவு 8:10. பதினான்கு மணி நாற்பது நிமிடம். சாப்பாடு, மறுநாளைய டெஸ்டுக்கான படிப்பு, படுக்கை 11:45க்கு. ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான உறக்கம். ஞாயிற்றுக்கிழமை 2 முதல் 5 வரை மாக் டெஸ்ட். நீட் தேர்வு நடக்கிற அதே மூன்று மணி நேரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்றார்கள். நம் தாத்தா கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர். அவருக்கும் ஷிப்ட் எட்டு மணி நேரம்தான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு.

வளரும் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் உடலில் சுரக்கத் தொடங்கும் நேரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது என்றும், அதனால் உன் வயதினருக்கு இரவில் சீக்கிரம் தூக்கம் பிடிக்காமல் போவதும் காலையில் எழ முடியாமல் போவதும் சோம்பலே இல்லை என்றும், அவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்றும் ஏப்ரலில் நாம் பார்த்த மருத்துவர் சொன்னார். நீ அருகில்தான் உட்கார்ந்திருந்தாய். இரண்டு ஆண்டுகளாகக் காலையில் உன்னை எழுப்பும்போது நான் பயன்படுத்திய சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2024 ஜனவரியில், நீ முதலாண்டில் இருந்தபோது, மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்தக் கூடாது, அதிகாலையிலும் இரவு வெகுநேரமும் நடத்தக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும், விடுமுறைக்கு மறுநாள் தேர்வு வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. நாளிதழில் அதை முழுவதும் படித்தேன். படித்துவிட்டு, நல்லவேளையாக நம் பிள்ளை சேர்ந்திருப்பது பிளஸ் ஒன், பிளஸ் டூ நடத்தும் பி.யு. கல்லூரி, வெறும் பயிற்சி மையம் இல்லை, எனவே நேரத்தைக் குறைக்க மாட்டார்கள் என்று நிம்மதியோடு பக்கத்தைப் புரட்டினேன். உன்னைப் போன்றவர்களுக்காக யாரோ கவலைப்பட்டு எழுதிய விதியிலிருந்து நீ தப்பித்துவிட்டாய் என்று உன் அக்காவே மகிழ்ந்தாள்.

ஏன் அப்படி இருந்தேன் என்று நீ கேட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2001இல் சுரங்கத்தை மூடியதும் அப்பா அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வந்து போய் வேலை பார்த்ததும், பிறகு குடும்பத்தோடு அல்சூருக்குக் குடிவந்ததும் உனக்குத் தெரிந்த கதை. 2021 மே மாதத்தையும் நான் சொல்ல வேண்டியதில்லை. கொரோனா நாட்களில் ஆஸ்பத்திரிப் படுக்கை தேடி நாம் அலைந்த அந்த இரவு, வண்டியின் பின்னிருக்கையில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் சொன்ன ஒரு வாக்கியம் உனக்கு நினைவிருக்கும். "நம்ம வீட்டுல ஒருத்தர் டாக்டரா இருந்திருந்தா உள்ளே விட்டிருப்பாங்க." முன்னிருக்கையில் நீ இருந்தாய். உனக்கு வயது 14. இரண்டு ஆண்டுகள் கழித்து, எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சேர்ந்த பி.சி.எம்.பி. பிரிவை எடுக்கிறேன் என்று நீயாகவே சொன்னபோது, அது உன் ஆசை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை மறந்ததாக நடித்தேன்.

ஆனால் தம்பி, இதையும் கேட்டுக்கொள். உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. நீ 4:40க்கு எழுந்தாய் என்றால் நான் 4:10க்கு எழுந்தேன். உன் டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டு நான் அலுவலகம் போய் வந்தேன். இரண்டு ஆண்டுக் கட்டணத்துக்கு அம்மாவின் சீட்டுப் பணம் போதாமல் போனதும், என் சொந்த விஷயம் ஒன்றைத் தள்ளி வைத்ததும் வீட்டுக்குள் தெரிந்தவைதான். பலர் படிக்கும் இடத்தில் அதை விரிக்க விருப்பமில்லை. கட்டிக் கொடுத்த டப்பாவை நீ திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்த நாட்களை எண்ணி வைத்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னால் முடியவில்லை என்று நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? கத்தியிருக்கலாம், டப்பாவைத் தூக்கி எறிந்திருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சீருடையோடு படுத்துக்கொண்டாய். உன் மௌனத்தை நான் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டதில் என் தவறு எவ்வளவோ, அதில் கொஞ்சம் உன்னுடையதும் இல்லையா?

இப்போது எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். 17 வயதுப் பிள்ளை, தனக்காக உழைக்கிற ஒருத்தியிடம் முடியாது என்று எப்படிச் சொல்லும் என்று எனக்கே தெரிகிறது. என் உழைப்பைத்தான் தினமும் உன் தட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினேனே.

உனக்குப் பத்து வயது இருக்கும்போது, சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாலும் நீதான் வழி சொல்வாய். 335-இ மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடிக்கு, 500-டி ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டுக்கு என்று ஒப்பிப்பாய். பெரியவர்கள் வியந்து பார்க்க, நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பிள்ளை சென்ற டிசம்பரில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன் உட்கார்ந்து, "அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டது. மறுநாள் எந்தப் பாடத்தில் டெஸ்ட், எத்தனை அத்தியாயம், எத்தனை கேள்வி என்றெல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. கிழமை மட்டும் தெரியவில்லை. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் சொல்ல ஒன்றுமே இல்லாமல் உன் நாட்களை அடுக்கி வைத்தவள் நான். புதன்கிழமை என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன்.

இன்று காலை சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்தேன். பக்கத்தில் தொங்கிய மாதக் காலண்டரையும் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மாதமும் 10, 20, 30 ஆகிய தேதிகளின் பூஜ்யங்களுக்குள், விளிம்பைத் தாண்டாமல், மை நிரப்பி வைத்திருக்கிறாய். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவது போல. 180 கேள்விக்கு 180 நிமிடம், கேள்விக்கு ஒரு நிமிடம், வட்டத்தை நிரப்புகிற நேரமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் என்று எனக்கு நீ விளக்கியது நினைவுக்கு வந்தது. எப்போது நின்றுகொண்டு இதைச் செய்தாய்? தண்ணீர் குடிக்க வந்தபோதா? இந்த ஆண்டு 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தேர்வை எழுதினார்கள். நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். கூட்டல் கழித்தலே தொழிலாக இருக்கும் நான் இந்த ஒரு கழித்தலை மட்டும் போட்டுப் பார்க்கவே இல்லை. காலண்டரை எடுத்து வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எறிய மாட்டேன்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் மட்டும் இந்த நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அப்படி ஒரு நினைப்பு உனக்கு வந்ததே இல்லை என்று மருத்துவர் முன்னால் சொன்னாய். நம்புகிறேன். நம்பிய பிறகும் இரவில் இரண்டு முறை எழுந்து உன் அறையை எட்டிப் பார்க்கிறேன். அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

இனி என்ன படிக்கப் போகிறாய் என்று இன்றைக்குக் கேட்க மாட்டேன். கர்நாடகத் தேர்வு ஆணையத்தின் (கே.இ.ஏ.) கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வுக்கான தாள்கள் அப்பாவின் பெட்டியில் இருக்கின்றன. உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள். நீட் முடிவு வந்த ஜூன் 14ஆம் தேதி முதல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சித்தப்பா, அத்தை, குழுவில் உள்ள மற்ற எல்லோருக்கும்: நவம்பரில் நான் அனுப்பிய அந்தப் படத்தை இப்போது என்னால் குழுவிலிருந்து திரும்பப் பெற முடியவில்லை, நாள் கடந்துவிட்டது. உங்கள் கைபேசியில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அத்தை, உங்கள் மகனிடம் அந்தப் படத்தைப் பற்றி நான் பேச வேண்டும். அவன் வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள், வந்து பேசுகிறேன்.

தம்பி, இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி 3:20. நீ பழைய அரைக்கால் சட்டையோடு சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருக்கிறாய். காபி வைத்துவிட்டு எழுப்பவா என்று அம்மா கேட்டாள், வேண்டாம் என்றேன். எழுந்ததும் இதைப் படிப்பாய். அந்தப் படம் உன் கைபேசியிலும் இருக்கும். வைத்துக்கொள்வதும் அழிப்பதும் உன் விருப்பம்; எதைச் செய்தாய் என்று என்னிடம் சொல்லக் கூட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா
அல்சூர், பெங்களூரு
29 ஜூன் 2025