சூடு தாங்கும் புரதம்தான் மேலானதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த புரதங்கள் பற்றிய கட்டுரையை உயர்தரம் படிக்கும் என் பேத்தியோடு சேர்ந்து வாசித்தேன். நல்ல முயற்சி. ஆனால், கூர்ப்பில் (பரிணாமத்தில்) புரதங்கள் மேலும் மேலும் சூடு தாங்குபவையாக முன்னேறின என்ற கருத்து தவறு.

வெள்ளவத்தைச் சந்தையில் நாம் வாங்கும் சீலா மீனையே பாருங்கள். பசிபிக் கரையோரத்தில் குளிர்ந்த கடல், இடைப்பட்ட கடல், வெப்பக் கடல் என்று வாழும் நான்கு வகைச் சீலாக்களை 1982 இல் கிறேவ்ஸ், சொமேரோ என்ற இருவர் ஒப்பிட்டார்கள். அந்தக் கடல்களுக்குள் வித்தியாசம் சில பாகைதான். தசையிலுள்ள லக்டேற் டீஹைட்ரோஜினேஸ் நொதியத்தை (இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் ஒரு புரதத்தை) ஒரே வெப்பநிலையில் சோதித்தபோது, வெவ்வேறு வெப்பநிலைக் கடல்களின் மீன்களுடையவை வேறுபட்டன. அந்தந்த மீனின் கடல் வெப்பநிலையில் சோதித்தால் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன! இப்படி மாற ஓரிரு அமினோ அமிலங்கள் மாறினாலே போதும் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

காரணம் எளிது. நொதியம் வேலை செய்ய அதன் உடல் கொஞ்சம் அசைய வேண்டும். மிக இறுகினால் குளிரில் மந்தமாகிவிடும். மிக இளகினால் சூட்டில் குலைந்துவிடும். டிஎன்ஏயைப் பிரதியெடுக்கும் பீசீஆர் பரிசோதனைக்கு உதவும் டாக் பொலிமரேஸ் என்ற நொதியம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டெடுத்த பற்றீரியாவுடையது. நம் கன்னியா வெந்நீரை விட எவ்வளவோ கூடிய சூட்டில், 70 பாகை செல்சியஸுக்கு மேல், அது சுறுசுறுப்பாக இயங்கும். சாதாரண அறை வெப்பநிலையில் விட்டால் மிக மெதுவாகத்தான் நகரும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. விகாரங்களில், அதாவது மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றங்களில், பல புரதத்தின் உறுதியைக் குறைப்பவை. தேவைக்கு மேல் உறுதி இருக்கும்வரை அந்த இழப்பால் உயிருக்குத் தீங்கில்லை. ஆகவே இயற்கைத் தேர்வு அதைத் தடுப்பதுமில்லை. உறுதி எல்லைக்கு அருகே வந்த பிறகுதான் தடுக்கிறது. குளிர்கடல் கொட் மீனின் தோலிலுள்ள கொலாஜன் என்ற புரதம் சுமார் 15 பாகையிலேயே உருகுகிறது, பாலூட்டிகளின் கொலாஜனோ உடல் வெப்பநிலையை ஒட்டித்தான். அந்த மீனைக் குறைபாடுள்ளது என்று யார் சொல்வார்கள்?

தயவுசெய்து ஒரு திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுங்கள். பேத்தியின் வகுப்பில் பல பிள்ளைகள் அந்தக் கட்டுரையை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6